“பாத்துக் குடுக்கறேன்” என்ற ஒப்பந்தம்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் ஆரம்பித்தால் பெல் அடிக்கும் வரை நிறுத்த மாட்டார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

நம் பிள்ளைகள் பலர் இப்போது செய்கிற ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சோஷியல் மீடியா மேனேஜர் என்கிறார்கள். ஒரு கம்பெனியில் சம்பளத்துக்குச் சேராமல் வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குச் செய்து கொடுத்தால் ஃப்ரீலான்ஸ். என்னிடம் படித்தவர்களில் எனக்குத் தெரிந்தே ஏழு பேர் செய்கிறார்கள். என் தங்கை மகனும் செய்கிறான். 2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது (மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்த பட்டியல் அது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம்முடையது ஒன்றுதான்). அதிலிருந்து ராஜகிரிமேல் ஏறி ரீல்ஸ் எடுப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிரியாணிக் கடை முதல் லாட்ஜ் வரை “எங்களுக்கும் ஒரு பேஜ் வேணும்” என்கிறார்கள்.

சந்தோஷம்தான். சென்னைக்கு பஸ் ஏறாமல், பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஆனால் அவர்களிடம் “எவ்வளவு பேசியிருக்கே? என்னிக்குத் தருவாங்க? எது வரைக்கும் உன் வேலை?” என்று கேட்டால் பதில் எல்லோரிடமும் ஒன்றுதான். “பாத்துக் குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு டீச்சர்.”

இந்தப் பாத்துக் குடுப்பது எப்படி முடிகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பெயர் வேண்டாம், கடையும் வேண்டாம். பெண்ணும் என் மாணவி, கடைக்காரரும் எனக்கு வேண்டப்பட்டவர். இதைப் படித்தால் இருவருக்கும் புரியும். இருவரும் கோபப்படக் கூடாது.

துணிக்கடை. மாதம் ₹8,000 என்று வாய்ப்பேச்சு. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. ஆடித் தள்ளுபடி வந்தபோது தினம் ஒரு போஸ்ட் போடச் சொன்னார்கள், போட்டாள். பிறகு வாடிக்கையாளர்கள் பேஜுக்கு அனுப்பும் மெசேஜுக்கும் அவளே பதில் சொல்லத் தொடங்கினாள். ராத்திரி 11 மணிக்கு “இந்தப் புடவை என்ன விலை?” என்று கேட்பார்கள், கடைக்காரரிடம் கேட்டுச் சொல்வாள். தீபாவளிக்கு விளம்பரத்தை பூஸ்ட் பண்ண வேண்டும் என்றபோது, “நீயே போட்டுடும்மா, சேத்துக் குடுத்துடறேன்” என்றார். அப்பாவின் கார்டிலிருந்து ₹6,500 கட்டினாள். நடுவில் கடைக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு அழைப்பிதழும் வடிவமைத்துக் கொடுத்தாள், அதற்குக் காசு கேட்கவில்லை. மூன்றாம் மாதம் பாதிதான் வந்தது. நான்காம் மாதம் “தீபாவளி முடியட்டும்”. ஐந்தாம் மாதம் “வியாபாரம் டல்”. கடைசியில் அவர் சொன்னது: “லைக் வந்துச்சு, ஆளு வரலையேம்மா.”

அவள் வேலையை நிறுத்தினாள். பேஜ் அவளுடைய போன் நம்பரில் தொடங்கியது. பாஸ்வேர்டைக் கேட்டார், பணம் வரட்டும் என்றாள். “ஊர்ப் பொண்ணுன்னு நம்பிக் குடுத்தேன், கடைப் பேரையே பூட்டி வச்சிட்டா” என்று அவர் நாலு பேரிடம் சொன்னார். அவள் அப்பா அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். இரண்டு குடும்பமும் கல்யாணம் காட்சிக்கு ஒன்றாகப் போய் வந்தவர்கள்.

இருவர் சொன்னதையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். இருவருமே பொய் சொல்லவில்லை. மாதம் எட்டாயிரம் என்றால் தன் நேரத்தில் இவ்வளவு என்று அவள் நினைத்தாள். மாதம் எட்டாயிரம் என்றால் கடைக்குக் கூட்டம் வரும் என்று அவர் நினைத்தார். இரண்டு பேர் மனதிலும் ஒவ்வொரு ஒப்பந்தம் இருந்தது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இல்லை.

எழுதிக்கொள்ளச் சொன்னால் பிள்ளைகள் சொல்வது: “எழுதிக் கேட்டா, நம்மள நம்பலையான்னு நினைப்பாங்க டீச்சர்.” கடைக்காரர்கள் சொல்வதும் அதுவேதான்: “நமக்குள்ள எதுக்கு எழுத்து?”

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நமக்குள்தான் நாம் எல்லாவற்றையும் எழுதுகிறோம். மொய் நோட்டைவிட வேறு சாட்சி வேண்டுமா? அண்ணன் தம்பிக்கு வைத்த ₹501-ஐயும், தாய்மாமன் போட்ட அரைப் பவுனையும், வாசலில் ஒருவர் உட்கார்ந்து ஊர் பெயரோடு எழுதுகிறார். பத்து வருடம் கழித்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்துத்தான் திருப்பி வைக்கிறோம். நம்பாமல் எழுதுகிறார்கள் என்று யாரும் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போனதில்லை. சீட்டுப் போட்டால் நோட்டு உண்டு. கைமாற்றுக்கு புரோநோட்டு உண்டு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகிறவருக்கு எடையும் விலையும் எழுதிய சீட்டு உண்டு. மூட்டைக்குச் சீட்டு கேட்கிற குடும்பத்துப் பெண், தன் ஐந்து மாத உழைப்புக்குச் சீட்டு கேட்கக் கூச்சப்படுகிறாள்.

வாய்ப்பேச்சிலேயே நடக்கிற வியாபாரமும் நம்மிடம் உண்டே என்பீர்கள். உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிற தரகர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கயிறு கை மாறும்போதே பணமும் கை மாறிவிடுகிறது. பேச்சும் வேலையும் பணமும் ஒரே மர நிழலில், ஒரே மணி நேரத்தில் முடிகிறது. பேஜ் பார்க்கும் வேலை அப்படி இல்லை. இன்று பேசியது ஆடியில் மாறும், தீபாவளியில் இன்னும் மாறும், பொங்கலில் யாருக்கும் நினைவிருக்காது. மாதக்கணக்கில் இழுக்கிற வேலைக்குத் துண்டுக்கடியில் பிடித்த விரல் போதாது.

நான் அரசுப் பள்ளியில் வேலை செய்தவள். என் வேலை முழுக்கக் காகிதத்தில் நடந்தது. நியமன ஆணையில் சம்பள விகிதம் இருந்தது. பணிப் பதிவேட்டில் ஒவ்வொரு ஊதிய உயர்வும், எடுத்த ஒவ்வொரு மருத்துவ விடுப்பும் இருந்தது. ஓய்வூதியம் கணக்குப் போடும்போது எடுத்துப் பார்ப்பதும் அந்தப் பதிவேட்டைத்தான். என்னைப் போன்றவர்கள் அரசாங்கம் எழுதி வைத்த எழுத்தின் நிழலில் பிழைத்தோம். இந்தப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்க யாரும் இல்லை, அவர்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. “நான் எழுதாமலே முப்பது வருஷம் கடை நடத்தினேன்” என்று சொல்லும் பெரியவர்கள் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கடை வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தானே இருக்கிறது?

நம் மாவட்டத்துக் கதை ஒன்று, வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் சுந்தரர் கதை. புத்தூரில் கல்யாணம் நடக்கும் நேரத்தில் ஒரு கிழவர் வந்து, “இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது” என்று நிறுத்துகிறார். மாப்பிள்ளை கோபத்தில் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழிந்தது படிதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் எடுத்துக் காட்டுகிறார். சபையார் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான் என்பது கதையின் முடிவு. பக்தியை ஒதுக்கி வைத்து ஒரு வழக்காக மட்டும் பாருங்கள். வழக்கமா, ஓலையா, சாட்சியா, எதைக் கொண்டு நிரூபிப்பாய் என்று சபை கேட்கிறது. நகல் வேறு, மூலம் வேறு என்பது அந்தக் கிழவருக்குத் தெரிந்திருக்கிறது. கடவுளே ஓலையும் கையுமாகத்தான் வந்தார். நம் பிள்ளைகள் “பாத்துக்கலாம்ணா” என்ற ஒரு வார்த்தையோடு போகிறார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. படித்தும், நம் மாணவர்களில் வக்கீலாக இருப்பவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், செல்லும். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் ஒரு வேலையைச் செய்து கொடுத்து, அதன் பயனை மற்றவர் அனுபவித்துவிட்டால், அதற்கு ஈடு தர வேண்டும் என்று அதன் 70-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே “எழுதலையே, ஒண்ணும் பண்ண முடியாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் வரை நேரமும் உண்டு. சிக்கல், என்ன பேசினோம் என்று நிரூபிப்பதில் இருக்கிறது. அதற்குத்தான் எழுத்து.

எழுத்து என்றதும் முத்திரைத்தாள், நோட்டரி, கோர்ட் வாசல் என்று பயப்பட வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவுப்படி, மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை, மின்னணு வழியில் நடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் செல்லாது என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பும் அதில் அடங்கும். முத்திரைத்தாள் இல்லை என்பதால் ஒப்பந்தமே இல்லாமல் போவதும் இல்லை; கையெழுத்துப் பத்திரமாக இருந்தால், கோர்ட்டில் காட்டும்போது முத்திரைக் கட்டணத்தை அபராதத்தோடு கட்ட வேண்டி வரலாம், அவ்வளவுதான். தொகை பெரிதென்றால் வக்கீலைக் கேட்டு முறையாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று மெசேஜை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் படி ஓலை. போனில் இருக்கும் மெசேஜ்தான் மூல ஓலை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்வதற்குச் சான்றிதழோடு ஒரு முறை இருக்கிறது. அதற்கும் அந்த போன் வேண்டும்.

இன்னொன்று. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள்கூட இந்த வேலையில் இருக்கிறார்கள். 18 வயது நிறையாதவர் போட்ட ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. அவர்களுக்காக அப்பாவோ அம்மாவோ பேசட்டும். அதைவிட, பரீட்சை முடியும் வரை போனைக் கீழே வைக்கட்டும்.

என்னென்ன எழுத வேண்டும் என்பதில், பணம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தோன்றும். தோன்றாதவைதான் பின்னால் சண்டையாகின்றன. மாதத்துக்கு எத்தனை போஸ்ட், எத்தனை ரீல்ஸ், எத்தனை தடவை திருத்திக் கொடுப்பது, மெசேஜுக்குப் பதில் சொல்வது யார், எத்தனை மணி வரை. போடும் முன்பு சரி சொல்ல வேண்டியது அண்ணனா, தம்பியா, மருமகனா. சிரிக்காதீர்கள். ஒரு கடையில் மூன்று பேர் மூன்று விதமாகத் திருத்தச் சொல்லி, ஒரு பையன் ஒரு பேனரை ஒன்பது தடவை மாற்றியிருக்கிறான்.

விளம்பரத்துக்குக் கட்டும் பணம் கடைக்காரரின் கார்டிலிருந்துதான் போக வேண்டும். இதில் மட்டும் எந்தத் தாட்சண்யமும் பார்க்காதீர்கள். கொத்தனாரைச் சிமென்ட் வாங்கிப் போடச் சொல்லிவிட்டு, வீடு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று யாராவது சொல்வோமா?

அடுத்தது, பலன். “வியாபாரம் வரலையே, எதுக்குக் காசு?” என்ற கேள்வி நியாயமானது போலவே ஒலிக்கும். நாற்று நட வந்தவருக்கு அன்றைக்குச் சாயங்காலம் கூலி கொடுக்கிறோம். மழை பெய்யுமா, பூச்சி விழுமா என்று தை மாதம் வரை பார்த்துவிட்டுக் கொடுப்பதில்லை. விளைச்சலில் பங்கு என்றால் அது வாரம், அதற்குப் பேச்சே வேறு. அதுபோல இங்கேயும் பேசிக்கொள்ளலாம்: மாதக் கூலி என்றால் சொன்ன எண்ணிக்கையில் வேலை முடிந்தால் பணம், விற்பனையில் பங்கு என்றால் விற்பனைக் கணக்கை அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். கூலி என்று பேசிவிட்டு வாரக் கணக்குப் பார்ப்பது சரியில்லை. பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். வேலை பிடிக்கிற அவசரத்தில் “மூணு மாசத்துல பத்தாயிரம் ஃபாலோயர்ஸ்” என்று அள்ளி விடாதீர்கள். அந்த எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை. அந்தக் கம்பெனிக்காரன் ஒரு நாள் ஏதோ மாற்றினால் எல்லாம் சரிந்துவிடும். உங்கள் கையில் இருப்பது உழைப்பு, அதற்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்.

இனி பேஜ் யாருடையது என்ற விஷயம். இதில் நான் கடைக்காரர் பக்கம். அமெரிக்காவில் ஃபோன்டாக் என்ற நிறுவனத்தில் நோவா கிராவிட்ஸ் என்பவர் எழுதிக்கொண்டிருந்தார். நிறுவனப் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ட்விட்டர் கணக்கு நடத்தினார். சுமார் 17,000 பேர் பின்தொடர்ந்தார்கள். 2010-இல் வேலையை விட்டபோது கணக்கின் பெயரை மாற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். 2011-இல் நிறுவனம் வழக்குப் போட்டது. ஒரு ஃபாலோயருக்கு மாதம் இரண்டரை டாலர் வீதம், எட்டு மாதத்துக்கு 3,40,000 டாலர் கேட்டது. 2012-இல் சமரசமாக முடிந்தது. இரண்டு பேரும் வக்கீலுக்குக் கொட்டிய பணத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கு யாருக்கு என்று தொடக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வழக்குக்கே வேலை இல்லை.

கடையின் பெயரில் உள்ள பேஜ் கடையுடையது. அதைக் கடைக்காரரின் நம்பரில், கடைக்காரரின் மெயிலில் தொடங்க வேண்டும். வேலை செய்பவருக்கு அட்மின் அனுமதி கொடுத்தால் போதும், பாஸ்வேர்டு கொடுக்கவே வேண்டியதில்லை. மெட்டா பிசினஸ் சூட்டில் யாருக்கு எவ்வளவு அனுமதி என்று தனித்தனியாக வைக்கலாம் என்று என் தங்கை மகன் போனில் போட்டுக் காட்டினான். கடைச் சாவியை வேலையாளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் சாவியில்லாமல் இருப்பீர்களா? பிள்ளைகளே, பணம் வரவில்லை என்பதற்காகப் பேஜைப் பூட்டி வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கேட்டு வாங்குவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

பேஜ் கடையுடையது, சரி. நீங்கள் எழுதிய வாசகமும் வரைந்த டிசைனும்? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையாளாக இல்லாமல் தனியாகச் செய்து கொடுப்பவர் உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் அவரேதான். போட்டோ, வீடியோ மட்டும் வேறு: காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு விதமாகப் பேசாத வரை, உரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். இந்தப் பகுதிக்கு வாட்ஸ்அப்பை நம்பாமல் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது கடைக்காரருக்கு நல்லது. சினிமாப் பாட்டு விஷயத்திலும் கவனம். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு வந்ததற்காக 2024-இல் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது ஊருக்கே தெரியும். தனி ஆள் தன் வீட்டு விசேஷ வீடியோவுக்குப் பாட்டுப் போடுவதும், துணிக்கடை தன் விளம்பரத்துக்குப் போடுவதும் ஒன்றல்ல. “அந்தப் பாட்டையே போடும்மா” என்று கடைக்காரர் சொன்னால், சொன்னது அவர்தான் என்பது எழுத்தில் இருக்கட்டும். அதைவிட, போடாமல் இருப்பது நல்லது.

சில இடங்களில் எழுதிக் கொடுக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும். வெளியூர் ஏஜென்சி ஒன்று கொடுத்த தாளை ஒரு மாணவன் எனக்கு அனுப்பினான். வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் வேறு எந்த நகைக்கடைக்கும் வேலை செய்யக் கூடாது என்று அதில் ஒரு வரி. பயந்துவிட்டான். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு இதற்குப் பொருத்தம். அவருடைய விளம்பர வாய்ப்புகளைப் பார்த்துக்கொள்ள பெர்செப்ட் டிமார்க் என்ற நிறுவனத்தோடு 2000-இல் மூன்று வருட ஒப்பந்தம் போட்டார். முடிந்த பிறகும், வேறு யாரிடமாவது போவதென்றால் முதலில் எங்களைக் கேட்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. 2006-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பின் அந்தத் தடை செல்லாது என்றது. ஒப்பந்தம் நடக்கும்போது போட்டிக் கடைக்கு வேலை செய்யக் கூடாது என்பது வேறு. அது பெரும்பாலும் செல்லும், நியாயமும்கூட. எதிர் எதிர் நகைக்கடை இரண்டுக்கும் ஒரே பெண் விளம்பரம் எழுதினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

பணம் வராவிட்டால் என்ன செய்வது என்று சொன்னேன் அல்லவா? உத்யம் பதிவு என்று ஒன்று இருக்கிறது. ஆதார் வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். காசு கேட்கும் தரகர்களிடம் போகாதீர்கள். குறு நிறுவனம் என்று பதிவாகிவிட்டால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கிறது. எழுத்தில் தேதி பேசியிருந்தால் அந்தத் தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எதுவும் பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கொடுக்காவிட்டால் மாநில அரசின் வசதி மன்றத்தில் முறையிடலாம். இணையத்திலேயே மனுப் போடலாம். ஆனால் வேலை தொடங்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு உதவுவது சந்தேகம். மாதாமாதம் எண் போட்டு ஒரு பில் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் உதவி உண்டு. வட்ட அளவிலேயே அந்தக் குழுக்கள் இருக்கின்றன.

இதெல்லாம் பிள்ளைகள் தலையில் மட்டும் விழுவது எனக்கு உடன்பாடில்லை. நியூயார்க் நகரத்தில் 2017 முதல் ஒரு சட்டம். ஃப்ரீலான்ஸ் வேலை 800 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஜப்பானிலும் 2024 நவம்பர் 1 முதல் இதற்கென்று ஒரு சட்டம். வேலை கொடுக்கிற நிறுவனம்தான் நிபந்தனைகளை எழுத்திலோ மின்னணு வழியிலோ தெரிவிக்க வேண்டும், 60 நாளுக்குள் பணம் தர வேண்டும். இரண்டிலும் எழுதும் பொறுப்பு வேலை கொடுப்பவர் மேல் இருக்கிறது, கூச்சப்படும் பிள்ளை மேல் இல்லை. நம் நாட்டில் 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் தொழிலாளர் என்று ஒரு பெயரை ஏற்றுக்கொண்டு நலத்திட்டங்களைப் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2023-இல் நல வாரியம் அமைத்தார்கள், அது உணவு கொண்டு போகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் போன்றவர்களுக்கானது. மாதம் ₹8,000-க்குப் பேஜ் பார்க்கும் பெண்ணுக்கு யாரும் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. நம்மில் அரசியலில் இருப்பவர்கள் இரண்டு பேர் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள், தெரியும்.

அது வரும் வரை காத்திருக்க வேண்டாம். நாலாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுத்தேன். யார், யாருக்கு, என்ன காரணம், எத்தனை நாள். இதுவும் அவ்வளவுதான். “கையெழுத்துப் போடுங்க” என்று தாளை நீட்டக் கூச்சமாக இருந்தால் நீட்ட வேண்டாம். பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும் இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள். தொகையையும் எண்ணிக்கையையும் உங்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

“வணக்கம் அண்ணா. இன்று கடையில் பேசியதை இருவருக்கும் நினைவிருக்க எழுதி அனுப்புகிறேன். மாதம் 12 போஸ்ட், 4 ரீல்ஸ். படம் எடுக்க மாதம் 2 நாள் கடைக்கு வருவேன். ஒவ்வொன்றிலும் 2 முறை திருத்தம் செய்து தருவேன். கூடுதல் வேலைக்கு போஸ்ட் ஒன்றுக்கு ₹300, ரீல்ஸ் ஒன்றுக்கு ₹800. சரி சொல்ல வேண்டியவர் நீங்கள் மட்டும். மெசேஜுக்குக் காலை 10 முதல் மாலை 6 வரை பதில் போடுவேன், ஞாயிறு கிடையாது. மாதம் ₹8,000, பாதி 1-ஆம் தேதி, பாதி மாதக் கடைசி நாள். விளம்பரப் பணம் உங்கள் கார்டிலிருந்து. பேஜ் உங்கள் நம்பரில், எனக்கு அனுமதி மட்டும். நிறுத்துவதென்றால் யாராக இருந்தாலும் 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அதுவரை செய்த வேலைக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள். சரி என்றால் ‘சரி’ என்று ஒரு பதில் போடுங்கள் அண்ணா.”

அந்த ஒரு ‘சரி’ வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை என்றால், மறுநாள் நேரில் போய் “மெசேஜ் பாத்தீங்களாண்ணா?” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். “இதெல்லாம் எதுக்கு?” என்று சலித்துக்கொண்டு வேறு பையனிடம் போகிற கடைக்காரரும் இருப்பார். போகட்டும். மாதம் எட்டாயிரம் போனால் வலிக்கும், எனக்குத் தெரியும். ஐந்து மாதம் உழைத்துவிட்டு, கைக்காசு ₹6,500-ம் விட்டுவிட்டு, ஊரில் பேரும் கெட்டு நிற்பது அதைவிட வலிக்கும்.

கடை வைத்திருக்கும் தம்பிகளே, நீங்களும் என் பிள்ளைகள்தான். இந்த மெசேஜை அந்தப் பிள்ளை அனுப்பும் வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் அனுப்பினால் எனக்குப் பெருமை. மேலே சொன்ன துணிக்கடைக்காரர், விளம்பரத்துக்குக் கட்டிய ₹6,500-ஐ இந்த வாரம் கொடுத்து அனுப்பிவிட்டார். மீதிச் சம்பளம் பேச்சில் இருக்கிறது. பேஜ் அவர் நம்பருக்கு மாறிவிட்டது, அவளே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தாள்.

யாருக்காவது இப்படி எழுதித் திருத்தம் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், எழுத்துப் பிழையும் சேர்த்துப் பார்த்துத் தருகிறேன். சட்டச் சந்தேகத்துக்கு நம் வக்கீல் பிள்ளைகள் கமெண்டில் பதில் சொல்லுங்கள். போனில் கூப்பிடுவதென்றால் சாயங்காலம் 5 மணிக்கு மேல், மதியம் தூங்கிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அனந்தபுரம்